ஆடி மாதத்தை மறைத்த பெட்டி

போன வாரம் என் தங்கை மகன் மடிக்கணினியில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் சின்னப் பெட்டி இருக்கிறதே, லெஜண்ட் என்பார்கள், அது கோட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. நிரலில் ஒரு வார்த்தையை மாற்றினான். பெட்டி சமர்த்தாக மூலைக்குப் போய்விட்டது. எனக்கு மூக்கில் ஈரச் சாக்ஸ் நாற்றம் அடித்தது.

சிரிக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வாத்தியார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசி பட்டால் மிஷின் செத்துவிடுமாம். சாரலில் நனைந்து வந்தவர்களின் சாக்ஸெல்லாம் அந்த அடைத்த ஏசி அறையில் ஒன்றுசேரும். அதற்கு டைரக்டர் ஊதுபத்தி கொளுத்துவார். புகை மட்டும் மிஷினை ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

டைரக்டர் என்றால் சென்டரின் முதலாளி. பம்பாயில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து, மாமனார் வயலை விற்க வைத்து, தனக்குத்தானே அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டவர். கீபோர்டில் அவர் விரல் பட்டு நான் பார்த்ததில்லை. அறிவு அதிகம் என்று காட்ட டை கட்டினார், எங்களையும் கட்டவைத்தார். குற்றாலம் பஸ்ஸில் எண்ணெய்த் தலைகளுக்கு நடுவே டையோடு தொங்கியதை நினைத்தால் எனக்கு என் மேலேயே இளப்பம் வருகிறது.

என்னோடு வேலை பார்த்தவள் பகவதி, இலத்தூர்க்காரி. இருவருமே முந்தின நாள் புத்தகத்தில் படித்ததை மறுநாள் நடத்தியவர்கள்தான். படித்ததை அவள் போட்டுப் பார்ப்பாள், நான் நம்பிவிடுவேன்.

சீசன் முடியும் சமயம் குற்றாலத்து லாட்ஜ் முதலாளிகளுக்குக் கம்ப்யூட்டரைக் காட்டி வேலை பிடிப்பது என்று டைரக்டர் முடிவு செய்தார். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் நிரம்பிய அறைகளைப் பகவதி பார் சார்ட் என்கிற கட்டைப் படமாகப் போட்டாள். திரையில் பச்சை ஒன்றுதான் நிறம். போன வருஷத்துக்கு நிரப்பிய கட்டை, இந்த வருஷத்துக்கு வெற்றுக் கட்டை. எது எந்த வருஷம் என்று சொல்லும் பெட்டியை ஆவணிக்கு மேலே இருந்த காலி இடத்தில் வைத்தாள். அந்தக் காலத்தில் திரையில் எத்தனையாவது வரி, எத்தனையாவது கட்டம் என்று நாமே எண் கொடுத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றவேண்டும்.

டைரக்டர் பார்த்தார். பெட்டிக்குள் சென்டர் பெயர் வேண்டும் என்றார். பிறகு தன் பெயர். பிறகு பெயருக்குப் பின்னால் பட்டங்கள். அதில் ஒன்று தபாலில் வந்தது. பெட்டி இடது பக்கமாக வீங்கிக்கொண்டே போயிற்று.

"சார், இதுக்கு மேல போனா ஆடி மாசத்த மறைச்சிரும்" என்றாள் பகவதி.

"மறைச்சா மறைக்கட்டும். நம்ம பேரு தெரியணும்லா."

லாட்ஜ் ஹாலில் மிஷினை மேசையில் வைத்துப் படத்தை ஓட்டினோம். ஆடிக் கட்டைகளின் தலை பெட்டிக்கு அடியில் போய், ஆடி ஆனிக்கும் கீழே நின்றது. முன்வரிசையில் இருந்த லாட்ஜ்கார அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, ஆடியில ரூம் கிடைக்காம சனம் வராந்தால படுத்துக் கெடந்துச்சு. உங்க மிஷின் ஈயோட்டுனோம்னுல்லா சொல்லுது?"

ஹாலே சிரித்தது. டைரக்டர் சற்றும் தயங்காமல் பகவதியைக் கை காட்டினார். இந்தப் பொண்ணு போட்டது, புதுசு, விவரம் பத்தாது என்றார். நான் அவர் டையைப் பிடித்து இழுத்தால் என்ன என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

 பகவதி மேசைக்கு வந்து நிரலைத் திறந்தாள். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் உண்டு; அந்த எண்ணை மட்டும் அடித்து என்டர் தட்டினால் அந்த வரி அழிந்துவிடும். முதலில் பட்டங்கள் போயின. பிறகு பெயர், சென்டர். பெட்டியைச் சுருக்கி ஆவணிக்கு மேலே கொண்டுபோய் ஓட்டினாள். ஆடி நிமிர்ந்து நின்றது.

"இப்பம் சரியா இருக்கு அண்ணாச்சி" என்றாள். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து நான் வரல சார்" என்றாள்.

அடுத்த வாரமே அண்ணாச்சி அவளைத் தன் லாட்ஜில் வேலைக்கு வைத்துக்கொண்டார். அங்கிருந்து பரீட்சை எழுதி பாங்குக்குப் போனாள். டைரக்டர் அடுத்த சீசனுக்குள், பணம் கட்டிய பிள்ளைகளைப் பாதிப் பாடத்தோடு நிறுத்திவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போனார். ஏமாற்றுவதைக்கூட முழுசாகச் செய்யத் தெரியாத மனிதர்.

இப்போது அந்த மாடியும் இல்லை, ஜவுளிக்கடையும் இல்லை. பச்சைத் திரைகள் எடைக்குப் போயின. பகவதி எழுதிய நிரலை ஒரு பிளாப்பியில் நெடுநாள் வைத்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த வட்டத் தகடு முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது.