தோலைப் பார்த்துப் போட்ட சீல்

ரவை ஆலையின் வாசலில் சரக்கைச் சோதிக்கும் பெண்ணை எல்லோரும் பிளேடு அக்கா என்பார்கள். கூட்டிப் பெருக்க வேலைக்கு வந்தவர். தரையில் சிந்திய கோதுமையைப் பிளேடால் நறுக்கி நறுக்கித் தானாகவே தொழிலைக் கற்றுக்கொண்டார். ரவைக்கு ஏற்ற டூரம் கோதுமையை வெட்டினால் உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். மண்ணில் சத்துக் குறைந்தால் நடுவில் சுண்ணாம்பு வெள்ளை தட்டும். அது ரவையாக உடையாமல் மாவாக உதிர்ந்துவிடும். "வீட்டுல ஒரு அரிசியக்கூட முழுசா விடமாட்டா" என்று அவர் கணவர் அலுத்துக்கொள்வார்.

அன்று லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஒரு லோடு வெளிறித் தெரிந்தது. அவசரத்தில் அள்ளிப் பார்த்துவிட்டு, 'தீவனம்' என்று அக்கா சீல் குத்திவிட்டார்.

லோடுக்காரர் நகரவில்லை. "ஒரு வருஷப் பாட்ட மாட்டுக்குப் போடச் சொல்றியே தங்கச்சி! உரம் நேரத்துக்குப் போட்டேன். மணி பால் பிடிச்சப்ப வெயிலும் நல்லா அடிச்சுது. அறுக்கப்போற நேரத்துலதான் அஞ்சு நாள் மழை. தோல் வெளுத்துடுச்சு. உள்ள பாத்தியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. பார்க்கவில்லை. ஐம்பது மணிகளைத் தட்டில் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினார். நாற்பத்தாறு கண்ணாடி.

தட்டோடு மேலாளர் அறைக்குப் போனார். "சார், சீல மாத்தணும். தப்பு என்மேல."

"குத்துனது குத்துனதுதாம்மா. ஒண்ண மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"நீங்களே வெட்டிப் பாருங்க."

"எனக்கு வேற வேலையில்லையா?"

"எனக்கு இதான் சார் வேலை. அந்த லோடு உள்ள போறவரைக்கும் இங்கேயே நிக்கிறேன்."

மேலாளர் எரிச்சலோடு பிளேடை வாங்கினார். மூன்று வெட்டினார், பத்து வெட்டினார். பிறகு ஒரு தாளைத் தள்ளினார்.

"லோடு போகட்டும். ஆனா உன் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மேலிடத்துல கேட்டா உன் வேலைதான் போகும்."

அக்கா எழுதினார்: 'தோலைப் பார்த்துத் தரம் போட்டேன். தவறு என்னுடையது.' அதோடு நிறுத்தவில்லை. 'இனி வெட்டிப் பார்க்காமல் எந்த லோடுக்கும் சீல் கிடையாது.'

"இத யாரு எழுதச் சொன்னா? வரிசை ரோடு வரைக்கும் நிக்கும்!"

"நிக்கட்டும் சார்."

லோடுக்காரர் லாரியை உள்ளே திருப்பினார். அடுத்த லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

"அடிங்கண்ணே, நல்லா அடிங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா அவருடைய கோதுமையில் முதல் மணியை எடுத்து வெட்டினார்.