எதிரே வருபவரின் ஒற்றை விரல்

அயர்லாந்தில் கார்க் நகரத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் புதர்வேலி உரசும் கிராமத்துச் சாலையில் இறங்கினால், எதிரே வரும் வண்டிக்காரர் ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலேயே சுட்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். முகத்தில் சிரிப்பும் இருக்காது, கோபமும் இருக்காது. விரல் எழும், இறங்கும், வண்டி கடந்துவிடும். இந்த விரலால்தான் என் கணவர் கோ மணி ஒன்றரை வருடம் வண்டியைத் தொடாமல் இருந்தார். பர்மாவில், யாங்கோன் நகரத்தின் தாகேதா பேட்டைக்கும் லத்தா பேட்டைக்கும் இடையே இருபது வருடம் டாக்ஸி ஓட்டிய மனிதர் அவர்.

நடந்தது இதுதான். நான் முதியோர் இல்லத்தில் செவிலி வேலைக்காக முன்னால் வந்தேன், அவர் இரண்டு வருடம் கழித்து வந்தார். நகரத்துக்குள்ளேயே பழகி, பரீட்சை எழுதி, உரிமமும் வாங்கினார். முதல் தடவை கிராமத்துப் பக்கம் போன அன்றைக்கு, பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வந்தவர் நம்ம ஊர் நினைப்பில் வலப்பக்கமே ஏறிவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும். எதிரே வந்த அம்மாள் பொறுமையாக நிறுத்தினார், நாங்கள் பின்வாங்கி இடப்பக்கம் வந்தோம். அத்தோடு போயிருக்கும். ஆனால் அதற்கப்புறம் எதிரே வந்த வண்டிகளிலெல்லாம் விரல்.

"ஏழு பேரு காட்டிட்டாங்க செல்வி. நாம பண்ணின தப்பு நமக்கு முன்னாடியே போயிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஹோட்டல் சமையற்கட்டு வேலைக்கு அவர் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் காரைத் துடைப்பார், டயரைத் தட்டிப் பார்ப்பார், ஓட்டமாட்டார். துணியும் கையுமாக அவர் காரைச் சுற்றி வருவதை எத்தனை நாள்தான் பார்ப்பது! அதனால்தான் இந்த ஜூலையில் ஐந்து நாள் லீவு போட்டு, டிங்கிள் வரை காரிலேயே போவோம் என்று கிளம்பினேன். எப்படியாவது அவரை மறுபடி ஓட்டவைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஊர் பார்ப்பது சாக்கு.

ஊர்களும் பார்க்கத் தகுந்தவைதான், பொய் சொல்லக் கூடாது. கின்சேலில் ஒரு வீடு நீலம், அடுத்தது ரோஜா நிறம், அதற்கடுத்தது மஞ்சள். கிளோனகில்ட்டியில் சாவுச் சாமான் விற்கும் கடைக்குக்கூட பச்சை வண்ணம். லத்தாவில் ஒரே கட்டடத்தில் ஆளுக்கொரு மாடி, அவரவர் பால்கனிக்கு மட்டும் அவரவர் வண்ணம் அடிப்பதும், மிச்சச் சுவரை மழை பாசியாக்குவதும் உங்களுக்குத் தெரியும். நான் அந்த ரோஜா நிற வீட்டின் மாடி ஜன்னலில், லத்தாவில் மாதிரி பேப்பரைக் கவ்வி மேலே இழுக்கக் கிளிப் கட்டிய கயிறு தொங்குகிறதா என்று தேடினேன். "இங்க பேப்பர்காரன் படி ஏறுவான் போல" என்றார் கோ மணி. இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு, நான் ஓட்டுவதைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த இருக்கை என்னுடையது. நம்ம ஊரில் வண்டி வலப்பக்கம் போகிறது, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கிறது. ஓட்டுபவருக்கு நடைபாதைதான் தெரியும். முன்னால் பஸ் போனால், எதிரே என்ன வருகிறதென்று இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அது என் வேலை. பஸ் கண்டக்டர் மாதிரி "ஸ்வே" என்பேன், பர்மியில் இழு, போகலாம் என்று அர்த்தம். நான் சொல்லாமல் அவர் ஒரு மாட்டுவண்டியைக்கூடத் தாண்டியதில்லை.

மூன்றாம் நாள் கென்மேர் போகிற வழியில், நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து டிராக்டர் ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் விரலைத் தூக்கினார். காட்டினால் காட்டட்டும் என்று நான் போய்விட்டேன். கென்மேரில் மஞ்சள் டீக்கடைக்குள் நுழைந்தால் அதே பெரியவர், அதே நாய். கோ மணிக்கு அன்றைக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேரே போய் நின்றார்.

"சாரி சார். காலையில நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

பெரியவர் பதறிவிட்டார். "சாரி, சாரி. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இரண்டு பேரும் மாறி மாறி சாரி சொன்னார்கள். பொறுக்காமல் நான்தான் விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"அட, அதுவா? ஹலோ சொன்னேன்."

"எங்களைத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவங்களா இருந்தா நிறுத்தி அரை மணி நேரம் பேசியிருப்பேனே."

கோ மணி நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப அந்த ஏழு பேரும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நானும் சிரித்தேன், நாய் குரைத்தது. ஒன்றரை வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க, மா செல்வி." அவர் பேருக்கு முன்னால் 'கோ' மாதிரி என் பேருக்கு முன்னால் 'மா', மரியாதை திடீரென்று கூடிவிட்டது.

டிங்கிள் சாலையில் வேலியெல்லாம் சிவப்புப் பூ தொங்கியது. எதிரே வந்த முதல் வண்டிக்கு விரல் ஒன்று போதாதென்று இவர் கும்பிடவே போனார், ஸ்டியரிங்கைப் பிடிங்க என்று அதட்டினேன். அதற்கப்புறம் ஒருவரையும் விடவில்லை. தபால் வண்டி, பால் லாரி, சைக்கிள்காரர், எல்லாருக்கும் விரல்.

பிறகு நேரான சாலையில் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி ஊர்ந்தது. இங்கே அவர் சாலையின் நடுப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஒரு மைலுக்குச் சாலை காலியாக இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தாண்டவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன செல்வி, பாத்துச் சொல்லு."

என் பக்கத்து ஜன்னலில் வேலியைத் தவிர ஒன்றுமில்லை. நான் கழுத்தை நீட்டி, நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்வே" என்றேன்.