கறியோடு குடிக்கும் ஒயின்

துறைமுகத்தில் நான் மூட்டை தூக்கிய காலத்தில், பிரெஞ்சுக் கப்பல் ஒன்றின் சமையல்காரனுக்குக் கூடை நிறைய நண்டு கொடுத்தேன். பதிலுக்கு அவன் ஒரு புட்டி சிவப்பு ஒயின் கொடுத்தான். மதுவிலக்கு வந்துவிட்டிருந்ததால் அதை வேட்டிக்குள் மறைத்து ராயபுரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிள்ளை பெற்றதிலிருந்து என் பெண்டாட்டி உடம்பில் ரத்தமே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒயின் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று எங்கள் தெருவே சொல்லும். தினமும் காலையில் கஞ்சிக்குப் பிறகு இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.

"புளிக்குதுய்யா, வவுறு எரியுது" என்பாள்.

"மருந்துன்னா அப்டித்தான் இருக்கும், முழுங்கு" என்று அதட்டுவேன்.

புட்டி பாதியானபோது, அதில் ஒட்டியிருந்த சீட்டை உரித்து எடுத்துப்போய், சரக்கு எண்ணும் புதுச்சேரிக்காரரிடம் காட்டினேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது போர்தோ ஒயின். ரெண்டு மூணு வகை திராட்சையைக் கலந்து செய்வாங்க. மருந்தில்லப்பா. ஆட்டுத்தொடை, மாட்டுக்கறி, வாத்து, இதோட குடிச்சாத்தான் ருசி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கறி துன்ன வக்கிருந்தா இந்த மருந்து இன்னாத்துக்கு சார் எனக்கு?" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. ஒயினை மட்டும் வாயில் விட்டேன்.

"இன்னிக்குப் புளிக்கவே இல்லய்யா" என்றாள்.

ஒரு சொட்டை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். முன்னைவிடப் புளித்துக் காடியாகிக் கிடந்தது.