கண்ணகை பார்த்த தேமல்

கண்ணகைக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் தரப்பட்ட வேலை, காலையில் கதவைத் திறப்பது, தரையைத் துடைப்பது, நோயாளிகளை இலக்கப்படி உள்ளே விடுவது. நோயைக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலையே இல்லை. அதற்கு டொக்டர் இருக்கிறார். டொக்டருக்குப் பக்கத்தில் நிற்க, மூன்று வருடம் தாதிப் பயிற்சி முடித்து, வெள்ளை உடுப்புப் போட்ட நான் இருக்கிறேன். ஆனால் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்தும் வருகிற சனம் வாசலில் நின்று கேட்பது, "கண்ணகையக்கா நிக்காவா?" என்றுதான். பதினொரு வருடமாக இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. "வதனி மிஸ் நிக்காவா?" என்று ஒரு நாயாவது கேட்டதில்லை.

வயது நாற்பத்திமூன்று. கல்யாணம் முடிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒற்றைப் பின்னல், நெற்றியில் திருநீறு, காலில் தேய்ந்த செருப்பு. அழகி என்று சொல்ல முடியாது. நானே சொல்கிறேன் என்பதற்காக நம்பாமல் இருக்க வேண்டாம், உண்மையாகவே சொல்ல முடியாது.

ஆனால் அவள் ஒரு தோலைப் பார்க்கிற விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. வருகிறவரை அறைக்குள் விடமாட்டாள். முதலில் வாசற்படியில், பகல் வெளிச்சத்தில் நிறுத்துவாள். "டியூப் லைட்டில தோல் பொய் சொல்லும்" என்பாள். அவர் ஒரு இடத்தைக் காட்டினால் அதை உடனே பார்க்க மாட்டாள். "காட்டுற இடத்தப் பிறகு பாப்பம், காட்டாத இடத்தக் காட்டுங்க" என்று கையை விரிக்கச் சொல்வாள், காலைத் தூக்கச் சொல்வாள். விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் அவருடைய பெயரைக் கேட்பதற்கு முன், "வீட்டில வேற ஆர் ஆர் சொறியிறாங்க?" என்று கேட்பாள். சிரங்கு தனியாக வராது என்பது அவளுக்குத் தெரியும். வட்டமாக, நடு ஆறி, ஓரம் தடித்துச் செதில் விட்டிருந்தால் படர்தாமரை. நகத்தால் மெல்லச் சுரண்டும்போது தவிடுபோல உதிர்ந்தால் தேமல். வட்டைக்குள் வயற்சேற்றில் நின்றவனின் கால் இடுக்கு, இறால் உரிக்கிறவளின் விரல் நுனி, இதெல்லாம் அவளுக்கு ஒரு பார்வையில் தெரியும்.

"தட்டையா, தடிப்பா, தண்ணியா?" இது அவளுடைய பாடம். புள்ளி தட்டையாகக் கிடக்கிறதா, தடித்து நிற்கிறதா, உள்ளே நீரோ சீழோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். பெயர் பிறகு வரும். பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்களிடம் டொக்டர் ஒருநாள் சிரித்துக்கொண்டு, "புத்தகத்த மூடிட்டு ஒரு கிழமை கண்ணகையோட வாசலில நில்லுங்க" என்றார். நான் ஊசித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். என்னை அவர் பார்க்கவுமில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு அன்று மத்தியானச் சோறே இறங்கவில்லை.

இவ்வளவும் உத்தியோகப் பொறாமை. இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

என் புருஷன் ஜெயந்தன் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். பிரதான வீதியில் சின்னக் கடை. விரலை வைத்துத்தான் எங்கள் சோறு. கார்புரேட்டருக்குள் இருக்கிற அரிசி அளவு திருகாணியைக் கண்ணால் பார்க்காமலே கழற்றிப் பூட்டுவார். போன வருடம் அவருடைய வலது கையில், முழங்கைக்கு மேலே, பின்பக்கமாக வெளிறின ஒரு படை வந்தது. ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது. அரைக்கைச் சட்டைக்குள் மறைந்துவிடும். நான் வீட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். "தேமல்" என்றேன். கிளினிக்கிலிருந்து பூச்சு மருந்து கொண்டுவந்து பூசினேன். மூன்று மாதம் பூசியும் மாறவில்லை. வெயிலில் நிற்கிற மனுஷனுக்குத் தேமல் எங்கே மாறும் என்று விட்டுவிட்டேன்.

வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகியம்மன் கோயிற் கதவு திறந்தது. அம்மன் கல்யாணச் சடங்குக்கு நடுகிற மரத்தை, கல்யாணக்காலை, வெட்டிக்கொண்டு வருகிற நாள். ஆம்பிளைகள் எல்லாரும் வெறும் மேலோடு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்த மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முன் வரிசையில் ஜெயந்தன். நான் குரவை போட்டுக்கொண்டு நின்றவள், எதேச்சையாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். கண்ணகை நின்றாள். அவள் அம்மனைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. என் புருஷனுடைய மேலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண் எடுக்கவேயில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு வெயில் விழுகிற பக்கமாக வந்து நின்று பார்த்தாள். மரத்தை இறக்கி வைத்த பிறகு அவருக்குக் கிட்டப் போனாள். "அண்ணன், கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி, அவருடைய முழங்கையைப் பிடித்து மடக்கி, பின்பக்கத்தில் விரலை வைத்து உருட்டினாள். மெல்ல, நேரமெடுத்து உருட்டினாள். அவர் பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு கையைக் கொடுத்தபடி நின்றார். ஊர் முழுக்க நிற்கிற இடத்தில், கல்யாணம் முடிக்காத ஒரு பொம்பிளை, என் புருஷனுடைய கையில். நான் குரவையை நிறுத்திவிட்டேன்.

பிறகு அவள் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "மிஸ், அண்ணன்ர கையில கிடக்கிறது தேமல் மாதிரித் தெரியல்ல. திங்கக்கிழமை டொக்டருக்கு ஒருக்காக் காட்டுங்க."

"என்ர புருசனில கை வைக்க உனக்கு ஆர் உத்தரவு தந்தது?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். "கூட்டித் துடைக்கிறவள் நீ. தேமலையும் மற்றதையும் பிரிக்க எனக்குத் தெரியும். உனக்கு ஆம்பிளைத் துணை இல்லையெண்டா அத வேற இடத்தில தேடு."

அவளுடைய முகம் கறுத்தது. திருநீறு வாங்காமலே போய்விட்டாள்.

நான் அதோடும் விடவில்லை. சிற்றூழியர் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கிறார், தன் எல்லையை மீறுகிறார் என்று ஒரு கடிதம் எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தேன். கோயிலில் நடந்ததைக் கடிதத்தில் எழுதவில்லை. அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு கிழமையில் கண்ணகையை உடுப்புத் தோய்க்கிற பகுதிக்கு மாற்றினார்கள். டொக்டர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். ஆனால் வாசலில் நான்தான் நின்றேன். சனம் "கண்ணகையக்கா எங்க?" என்று கேட்கக் கேட்க, "மாத்தலாகிட்டா" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்.

புரட்டாசியில் ஜெயந்தனுடைய கையில் சைலன்சர் சுட்டது. சுண்டு விரலிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கழன்று தொங்கியது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போதுதான் நான் கண்டு கத்தினேன். அவர் திருப்பிப் பார்த்து, "எப்ப சுட்டது?" என்று என்னைக் கேட்டார். பிறகு சிரித்தார். "இரும்போட புழங்கிக் கையும் இரும்பாப் போச்சுதுகா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றைப் பிசைகிற அந்தக் கையைப் பார்த்தேன். சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே மடங்கி நின்றது.

"கடையில ஆணி கீணி கை தவறி விழுதா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா விழுதுதான். வயசு போகுதில்லயா" என்றார்.

அடுத்த நாள் காலையில் அவரை முற்றத்து வெயிலில், தென்னைக்குக் கிட்ட, கதிரையில் இருத்தினேன். தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று நான் முன்பும் ஒரு தடவை பஞ்சு வைத்துப் பார்த்ததுண்டு. கோயிலில் சண்டை நடந்த அன்று, ஆத்திரத்தோடு, "தெரியுதா, தெரியுதா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே "ஓம், ஓம், விடு" என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. இதே பிழையை ஒரு பயிற்சி மாணவி செய்தபோது, "கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவனிடம் கேட்டால் கண்தான் பதில் சொல்லும்" என்று அவளைத் திருத்தியவள் நான். ஊருக்கு உபதேசம்.

வெயிலில் அந்தப் படை வேறு மாதிரி இருந்தது. சுரண்டினேன், ஒன்றும் உதிரவில்லை. மயிர் இல்லை. கையெல்லாம் வேர்த்திருக்க அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இத்தனையும் அவள் ஒரு மர ஊர்வலத்தில், இருபது பேருக்கு நடுவில், நடந்துபோகிற ஒரு கையில் பார்த்திருக்கிறாள்.

"கண்ண மூடுங்க" என்றேன். "நான் தொட்ட உடன சொல்லுங்க."

அவர் கண்ணை மூடினார். நான் பஞ்சைத் திரித்து அந்த இடத்தில் வைத்தேன். மெல்ல இழுத்தேன். அழுத்தினேன். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. அவர் கண்ணை மூடியபடி, முகத்தில் சிரிப்போடு காத்திருந்தார்.

"என்னகா, எப்ப தொடப் போறாய்?" என்றார்.

நான் குசினிக்குள் போய் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். நான்கு மாதம். அவருடைய விரல்கள் செத்துக்கொண்டிருந்த நான்கு மாதமும் நான் பொறாமையில் உட்கார்ந்திருந்தேன்.

கிளினிக் நாள் வரும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே உடுப்புத் தோய்க்கிற பகுதிக்குப் போனேன். கண்ணகை ஈரப் படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்தாள்.

"அண்ணனுக்குத் தெரியல்லயா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது வேறு. "நீ ஏன் என்னை விட்டாய்? இன்னொருக்காச் சொல்லியிருக்கலாமே, டொக்டரிட்டயாவது" என்று அவளையே ஏசினேன்.

"சொல்லியிருக்கணும் மிஸ்" என்றாள். "எனக்கும் ரோசம் வந்திட்டு. அதுதான் பிழை." ஈர விரிப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றவள், பிறகு சொன்னாள். "என்ர அப்பா வாவியில வலை வீசினவரு. அவருக்கும் முதுகில தேமல் எண்டுதான் நாலு வரிசம் இருந்தாரு. ஒருநாள் கொதிக்கிற கேத்தலத் தூக்கினவரு, கீழ வைக்கல்ல. பிடிச்சுக்கொண்டே கதைச்சிட்டு நிண்டாரு. எனக்குப் பத்து வயசு. நான்தான் கையில இருந்து கேத்தலப் பறிச்சன். தோலும் சேந்து வந்திட்டு."

டொக்டர் ஜெயந்தனுடைய தோலில் சிறு கீறல் போட்டுச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தொழுநோய்தான். முழங்கை நரம்பு கயிறுபோலத் தடித்திருந்தது. கண்ணகை கோயிலில் உருட்டிப் பார்த்தது அதைத்தான். ஒரு வருடத்துக்கு மாத்திரை, நரம்புக்கு வேறு மருந்து, விரலுக்குப் பயிற்சி. மருந்து தொடங்கினால் மற்றவர்களுக்குத் தொற்றாது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். வைகாசியிலேயே வந்திருந்தால் சுண்டு விரலை முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். இப்போது கால்வாசி தப்பலாம், அரைவாசி தப்பலாம். நான் அன்றைக்கே என் கடிதத்தைத் திருப்பி வாங்க இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் கோயிலில் நடந்ததையும் எழுதினேன். கண்ணகை பழைய இடத்துக்கு வந்தாள்.

ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அந்த வீட்டில் எல்லாரையும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்க்க வேண்டும். டொக்டர் பார்க்கும் முன், திரைக்குப் பின்னால் முதற் பார்வை பார்க்க வேறொரு தாதியைக் கூப்பிடவா என்று கேட்டார்கள். கண்ணகையே பார்க்கட்டும் என்றேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவள் என் தோளை, முதுகை, இடுப்பை, முழங்கையைப் பார்த்தாள். எத்தனையோ பேரை நான் இப்படி நிறுத்தியிருக்கிறேன். நானே அப்படி நின்றது இதுதான் முதல் தடவை. இடது தோளுக்குக் கீழே அவளுடைய விரல் நின்றது.

"இதில கொஞ்சம் வெளிறிக் கிடக்கு மிஸ். கண்ண மூடுங்க. தொட்டாச் சொல்லுங்க."

மூடினேன். ஜெயந்தன் சிரித்துக்கொண்டு காத்திருந்த முகம் வந்தது. பஞ்சு வருகிறதா, வந்துவிட்டதா, எனக்குத்தான் தெரியவில்லையா? அந்த இடத்தில் ஏதோ ஊர்ந்தது. நன்றாகவே ஊர்ந்தது.

"தெரியுது" என்றேன். "தொடுறாய். தெரியுது."

"இல்ல மிஸ்" என்றாள் கண்ணகை. "நான் இன்னும் தொடல்ல."