அந்தப் பெயருக்கு நானும் சிரித்தேன்

போன வருடம் ஆடி மாதம், குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் எங்கள் குழு கூடியிருந்தது. நான் தென்காசியிலிருந்து ஏழு மாதப் பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். "சாரல்ல பிள்ளையத் தூக்கிட்டுப் போற அளவுக்கு அப்படி என்ன வேலை?" என்று மாமியார் கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்கிற மாதிரியான மென்பொருள்களைச் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்கள் நாங்கள். கணவருக்கு வெளியூரில் வேலை. பிள்ளை தூங்கும் பகல் நேரத்தில் அந்தக் குழுதான் எனக்குப் பேச்சுத்துணை.

கணினியில் ஓடும் ஒரு புரோகிராம் தனக்குக் கீழே வேறு புரோகிராம்களைக் கிளப்பிவிடும். அவற்றைப் பிள்ளைகள் என்போம். பிள்ளைகள் பெருகிக் கணினி திணறாமல் தடுப்பதற்கு, அதற்கு முந்தின வருடம் குழுவில் ஒருவர் ஒரு சின்னக் கருவி எழுதினார். வேடிக்கையாக அதற்கு 'மலடி' என்று பெயர் வைத்தார். போனில் எங்கள் குழு அரட்டையில் ஒரே சிரிப்பு.

என் கல்லூரித் தோழி மட்டும் "இந்தப் பெயர் வேண்டாமே" என்று ஒரு வரி எழுதினாள். அவளைக் குழுவில் சேர்த்ததே நான்தான். கல்யாணமாகி எட்டு வருடமாக அவளுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு யாரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. கொஞ்ச நாளில் குழுவை விட்டு விலகிவிட்டாள். என் போனையும் எடுப்பதில்லை.

பெயரை மாற்றச் சொல்லத்தான் அன்று குற்றாலம் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் போய்க் கேட்கிறோமே, இந்தத் துணையும் போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அக்கா, கம்ப்யூட்டருக்குப் போயி மனசு நோவுமா?" என்றார் ஒருவர். "கிண்டலே இல்லன்னா இதுவும் ஆபீஸ் வேல மாதிரில்லா ஆயிரும்" என்றார் இன்னொருவர். பெயரை மாற்றினால் பயன்படுத்துகிறவர்கள் குழம்புவார்கள் என்றார்கள். அப்போது அந்தக் கருவியை எழுதியவர் போனில் எதையோ தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்கதானக்கா மொதல்ல சிரிச்சது? இங்கன பாருங்க."

என் பெயருக்கு நேராக மூன்று சிரிப்புப் பொம்மைகள் இருந்தன.

மறந்தே போயிருந்தேன். இல்லை, மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கை தவறிப் பட்டிருக்கும் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிள்ளை மடியில் உட்கார்ந்து என் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சேன்" என்றேன். "அன்னைக்குக் காலையிலதான் எனக்கு உண்டாயிருக்குன்னு தெரிஞ்சது. நாலு வருசமா விசேஷ வீட்டுல என்னைய அப்படித்தான் பேசுனாங்க. இனிமே அந்தப் பேச்சு நமக்கு இல்லன்னுதான் சிரிச்சேன்."

"மாத்திருவோம்க்கா" என்றார் கருவியை எழுதியவர். அங்கேயே வேறு பெயர் முடிவானது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிண்டல் செய்தவரே பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார்.

திரும்பி வரும்போது சந்தோஷப்பட முடியவில்லை. மடியில் பிள்ளையோடு நான் சொன்னதும் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அதையே அவள் சொன்னபோது, காரணம் என்ன என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்த நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் இருந்தே அவளுக்கு எழுதினேன்: 'பெயரை மாற்றிவிட்டார்கள். நான் அன்று சிரித்தது தப்பு.' அவள் அதைப் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. இன்றுவரை பதில் இல்லை. அனுப்பியிருக்கக் கூடாதோ, ஆறியதைக் கிளறிவிட்டேனோ என்றும் தோன்றும்.

இப்போதெல்லாம் குழுவில் யாராவது ஒற்றை வரியில் 'இது வேண்டாமே' என்று எழுதினால், முதல் ஆளாக 'ஏன், என்ன ஆச்சு?' என்று கேட்டுவிடுகிறேன். அவளிடம் கேட்டிருக்க வேண்டியதைத்தான் வேறு யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.