நிகாவு போட்ட கோடு

நிகாவுவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். பிரமிடின் வடக்கு முகத்தில் தான் கோடு போட்ட கல் எது என்பதைக் கேட்காதவனுக்கும் கைநீட்டிக் காட்டுவான். கேட்டவன் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

கல்லை ஏற்றும்போது அதன் வெளிமுகத்தை யாரும் செதுக்குவதில்லை. புடைப்பாகவே விட்டுவிட்டு, சரிவு எதுவரை வர வேண்டும் என்பதற்குச் சிவப்பில் ஒரு கோடு மட்டும் போட்டு வைப்பார்கள். உச்சிக்கல் உட்கார்ந்த பிறகு, ஏறிவந்த மண்பாதையைக் கலைத்தபடியே மேலிருந்து கீழே செதுக்கி இறங்குவார்கள். அதனால் இளவயதில் போட்ட கோட்டை நிகாவு தலை நரைத்த பிறகுதான் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது.

அதுவரைக்கும் அவன் மனைவியின் அண்ணன் இபி சும்மா இருந்தானா? நிகாவு வேலைக்கு வந்த புதிதில் படகுத்துறைக்காரர்களின் முழக்கோலை இடுப்பில் செருகியிருந்தான். அது ஆறு உள்ளங்கை நீளம். அரசரின் முழமோ ஏழு. அதைப் பிடித்துக்கொண்டான் இபி.

“குட்டைக் கோலை வச்சுத்தானே மாப்ளே கோடு இழுத்தே?” என்பான், ரொட்டியும் வெங்காயமும் தின்னும்போதெல்லாம்.

“கோலை மாத்திட்டுத்தான் இழுத்தேன் மச்சான். நீங்க மெல்லுங்க.”

அந்தக் கல் வெளியே தெரிந்த அன்று குழுவே வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. கோடு தப்பென்றால் பிரமிடின் முகத்தில் பள்ளம் விழும். வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியாது. நிகாவு அப்புறம் எந்தக் குழுவிலும் உளியைத் தொட முடியாது.

“கோட்டுக்கு வெளியிலேயே நிறுத்திடு மாப்ளே. எதுக்கு வம்பு?” என்றான் இபி.

“புடைச்சுக்கிட்டு நின்னாலும் என் பேர்தான் கெடும். தள்ளி நில்லுங்க.”

நிகாவு செப்பு உளியைக் கோட்டின்மேலேயே வைத்து அடித்தான். கடைசிச் சில்லுகளோடு கோடும் உதிர்ந்து போனது. இபி மேல்கல்லிலிருந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே கீழே வந்தான். இரண்டு கல்லும் சேரும் இடம் கைக்குத் தட்டுப்படவேயில்லை.

“ஏழு உள்ளங்கைடா!” என்று நிகாவு ஆற்றங்கரை வரை கேட்கக் கத்தினான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு.

“சரி, கீழ் வரிசைக்கு வாங்க. அடுத்த கல்லுக்கு யார் கோடு போட்டது?” என்று கேட்டார் குழுத்தலைவர்.

எல்லோரும் இபியைப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. நிகாவுவின் காதருகே வந்து, “மாப்ளே, அன்னிக்குத் திருவிழா. நான் நல்லாக் குடிச்சிருந்தேன். என்ன கோல் வச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரலை” என்றான்.

இத்தனை வருஷம் தன்னைக் குத்திய ஊசி எங்கிருந்து வந்தது என்று நிகாவுவுக்கு அப்போதுதான் புரிந்தது. திருப்பிக் கொடுக்க அவனிடம் வண்டி வண்டியாகக் கேலி இருந்தது. இபி உளியைக் கீழே வைத்துவிட்டதைப் பார்த்தான். அத்தனையையும் விழுங்கிக்கொண்டான்.

“உளியைப் பிடிங்க மச்சான். கோட்டைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. நான் அளந்து சொல்லச் சொல்ல அடிங்க” என்று சொல்லிவிட்டு, ஏழு உள்ளங்கைக் கோலோடு கல்லின் பக்கத்தில் மண்டியிட்டான்.