தாய்மாமன் சொன்ன கடை

சமயநல்லூர் வண்டி ஸ்டாண்டில் காசிமாயன் வாய்ச்சவடாலுக்குப் பேர்போன ஆள். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். செங்கல், சிமெண்ட், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதை ஏற்றினாலும் கயிறு கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டியை மறிக்கிற போலீஸ்காரரிடமே கூச்சமில்லாமல் எதிர்த்துப் பேசுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் மட்டும், “வாடகைக்கு” என்று முனகிவிட்டுக் குனிந்து டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் போனது பசுமலைக்கு. அங்கே ஒரு சமுதாயக் கூடத்தில் சுபலட்சுமி டீச்சர், ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாதவர்களை உட்கார வைத்து அலங்கார வேலை சொல்லிக்கொடுக்கிறார். ஆரத்தித் தட்டு, சீர்த்தட்டு, துணிப்பூ மாலை, இப்படி. ஒரு நாள் தெர்மாகோல் பலகை இறக்கப் போன காசிமாயன், திரும்பும் லோடுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார். “சும்மாதானே நிக்கிறீக அண்ணே, இந்த ஓரத்துல முத்தை ஒட்டுங்க” என்று டீச்சர் ஒரு தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். ஒட்டினார். பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் லோடு இல்லாமலே போனார்.

அத்தனை பெண்களுக்கு நடுவில் ஒற்றை ஆம்பளை. ஜன்னல் வழியாகத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார். பக்கத்தில் அன்னக்கொடி. அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பசை தட்டில் ஒட்டுவதைவிட அவள் கையிலும் தலைமுடியிலும்தான் அதிகம் ஒட்டும். “நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு டீச்சர் பத்தாதுண்ணே” என்பாள். சிரித்துக்கொண்டே பிரித்துப் போட்டு மறுபடி ஒட்டுவாள்.

இந்தச் சமயத்தில்தான் காசிமாயனின் தங்கச்சி மகள் பாண்டிமீனா வயசுக்கு வந்தாள். வாடிப்பட்டியில் மண்டபம் பிடித்தார்கள். தாய்மாமன் சீர் என்றால் மேளத்தோடு தெருவை அடைத்து வர வேண்டும், மைக்கில் பேர் முழங்க வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. சீர்த்தட்டுகளைத் தானே செய்வது என்று காசிமாயன் முடிவெடுத்தார். அதில் ஒரு தட்டில் தன் குட்டியானை வண்டியையே தெர்மாகோலில் செய்து, பின்னால் வாழைப்பழமும் தேங்காயும் ஏற்றி வைத்தார். கண்ணாடியில் கட்டியிருக்கிற திருஷ்டிக் கயிற்றைக்கூட விடவில்லை. சின்னப் பிள்ளையில் பாண்டிமீனா அந்த வண்டியில் உட்கார்ந்துதான் ஊர் சுற்றினாள்.

சேலைத் தட்டு அன்னக்கொடியுடையது. பட்டுச்சேலையைத் தாமரை மாதிரி மடித்து, சுற்றிலும் முத்து வைத்திருந்தாள். அவள் கைக்கு ஒழுங்காக வந்த முதல் பொருள் அதுதான். காசிமாயனே அசந்துபோய், “விசேஷத்துக்கு வீட்டுக்காரரோட வந்துரும்மா. ஒன் பேரையும் மைக்குல சொல்லச் சொல்றேன்” என்றார்.

வந்தாள். இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தன் தட்டைத் தானே ஏந்திக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தாள். அவள் புருஷன் முத்திருளன் மண்டபத்தில் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தட்டுகளை மேடையில் இறக்கியதும் கூட்டம் மொய்த்துக்கொண்டது. வண்டியைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்தன. அப்போது வந்து சேர்ந்தான் அழகுபாண்டி, ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்காரன்.

“மாப்ள, இம்புட்டு வேலையையும் எவ பார்த்தா? முத்து என்ன, பூ என்ன! நீ உக்காந்து ஒட்டுனியோன்னு நெனச்சுட்டேன்!” என்று தொடையில் தட்டிச் சிரித்தான். சுற்றி நின்ற மச்சான்மார்களும் சிரித்தார்கள்.

அதே நேரம் பார்த்து மைக்செட்காரரும் குனிந்து, “யார் செஞ்சதுண்ணே? பேர் சொல்லுங்க, சொல்லிருவோம்” என்றார்.

காசிமாயன் வாயைத் திறந்தார்.  நாக்கு தானாகவே பேசியது.

“நமக்கு எதுக்குப்பா அந்த வேலை? டவுன்ல ஒரு கடையில குடுத்துச் செஞ்சது.”

“தாய்மாமன் காசிமாயன் அவர்களின் சீர்! மதுரை டவுன் கடையில் ஸ்பெஷலாக ஆர்டர் கொடுத்துச் செய்யப்பட்டது!” என்று குழாய்கள் ஊருக்கே அலறின.

அன்னக்கொடி மேடையின் ஓரத்தில்தான் நின்றாள். அவர் திரும்பியபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த பாண்டிமீனா, “மாமா, நம்ம வண்டிதானே இது? கயிறுகூட இருக்கு. கடைக்காரங்க வந்து பாத்துட்டுப் போனாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாத்தா” என்றார் காசிமாயன். முதல் பொய்யைவிட இது கேவலமாக இருந்தது.

பந்தி ஆரம்பித்தது. அன்னக்கொடியும் முத்திருளனும் கை நனைக்காமல் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பஸ் ஸ்டாப்பில் முத்திருளன் கொஞ்சம் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“சாப்பிடாமப் போகாதம்மா.”

“பரவாயில்லண்ணே. எம்பேரு வரும்னு அவரு முன் வரிசையில எடம் புடிச்சு உக்காந்திருந்தாரு. இப்ப வீட்டுக்குப் போகணுங்கிறாரு.”

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்கு மூஞ்சி இல்லை. மண்டபத்துக்குத் திரும்பி, மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“கடையும் இல்ல, கண்ணியும் இல்ல. தட்டு பூரா நான் உக்காந்து ஒட்டுனது. சேலைத் தட்டு மட்டும் பசுமலை அன்னக்கொடி செஞ்சது. அன்னக்கொடி!”

பந்தியில் தலைகள் நிமிர்ந்தன. அழகுபாண்டி வாய்விட்டுச் சிரித்தான். பாயாச வாளி வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவுதான். இந்தச் சிரிப்புக்கா பயந்து செத்தோம் என்று காசிமாயனுக்கு ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனார். அன்னக்கொடி தன் இடத்தில் இருந்தாள். வேறொரு வீட்டுச் சீர்த்தட்டு வேலையைத் தலை நிமிராமல் செய்துகொண்டிருந்தாள்.

“மைக்குல சொன்னேனேம்மா, ஒன் பேரை. கேட்டுச்சா?”

“இல்லண்ணே. பஸ்ஸு வந்துருச்சு.”

“ஒங்க வீட்டுக்காரர் கோவமா இருக்காரா?”

“எங்கிட்டத்தான் கோவம்.” முத்து ஒன்றை எடுத்து வைத்து விரலால் அழுத்தினாள். “நீ செஞ்சேன்னு சொன்ன, கடையில வாங்குனதுன்னு மைக்குல சொல்றாங்களேன்னு பஸ் ஸ்டாப்புலயே கேட்டாரு. சடங்கு வீடு, ஒங்க மச்சான்மார்லாம் நிக்கிறாக. அங்க திரும்பி வந்து சத்தம் போட்டார்னா ஒங்களுக்கு அசிங்கம். அதான், நான் செய்யல, சும்மா பெருமைக்குப் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன்.”

காசிமாயன் முதன்முறையாகச் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். கூடம் முழுக்க அவரைப் பார்த்தது.

“வீடு எங்கம்மா இருக்கு? இப்பவே வந்து நான் சொல்றேன்.”

“வேணாம்ணே. மறுபடி மறுபடி பேச்ச மாத்துனா என்னைய என்னன்னு நெனப்பாரு?”

“எந்தத் தெரு? அதையாவது சொல்லு தங்கச்சி.”

அவள் பசைப் புட்டியை மூடிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். தெருவைச் சொல்லவில்லை.